ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் அந்துப்பூச்சிகளைப் பதிவு செய்வது எப்படி?

அந்துப்பூச்சி பார்க்க முதல் முறை வருபவர்கள் பெரும்பாலும் சாயங்காலம் ஆறரை மணிக்கு, கையில் ஒரு விளக்கும் வெள்ளை வேட்டியுமாக வந்து இறங்குகிறார்கள். வண்டி நிற்கிற இடத்திலேயே துணியைத் திரையாகக் கட்டி, பூச்சியை இழுக்க விளக்கை ஏற்றுகிறார்கள். வந்து உட்கார்ந்த பூச்சியையெல்லாம் படம் எடுக்கிறார்கள். மறுநாள் கையில் இருநூறு படம் இருக்கும். எந்தச் செடிகளுக்கு நடுவே, எந்தத் தண்ணீர் ஓரத்தில் எடுத்தது என்று கேட்டால் பதில் இருக்காது.

நீர்நிலை ஓரத்தில் அந்தப் பதில்தான் பாதிப் பதிவு. இங்கே பறக்கும் அந்துப்பூச்சிகளில் பல, கோரை, நாணல், சம்பு, அல்லி, நெல் என ஒன்றிரண்டு செடிகளை மட்டுமே நம்பி வளர்கின்றன. சிலவற்றின் புழு தண்ணீருக்குள்ளேயே வாழ்கிறது. செடியும் தண்ணீரும் மாறினால் பூச்சியும் மாறிவிடும். தாமிரபரணிக் கரையிலும் அதன் கால்வாய்கள் பாயும் குளங்களிலும் நான் செய்துவரும் முறையை வரிசைப்படி கீழே எழுதியிருக்கிறேன். காவிரிப் படுகையிலோ வைகைக் கண்மாயிலோ செய்பவர்கள் பெரிதாக எதையும் மாற்ற வேண்டியிருக்காது.

1. முதலில் பகலில் போங்கள்

விளக்கு வைக்கப்போகும் நாளுக்கு முன்னதாக ஒரு முறையாவது வெயிலில் அந்த இடத்தைச் சுற்றி வாருங்கள். இந்தப் படியைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். நான் இதைச் செய்யாமல் விளக்கு ஏற்றுவதே இல்லை.

கரையை மூன்று பட்டைகளாகப் பிரித்துப் பார்ப்பது எளிது. தண்ணீருக்குள் மிதப்பவை: அல்லி, தாமரை, ஆகாயத்தாமரை, வள்ளைக்கொடி. ஈரச் சேற்றில் நிற்பவை: சம்பு, கோரை, நாணல். அதற்கும் மேலே கரை மரங்கள்: மருதம், புங்கம், நாவல், கருவேலம். ஒவ்வொரு பட்டையிலும் அதிகமாக இருக்கும் நான்கைந்து செடிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாவிட்டால் இலையையும் பூவையும் படம் எடுத்து வைத்துக்கொண்டால் போதும்.

இதனால் என்ன பயன்? மருத மரக் கிளையில் காம்போடு தொங்கும் கெட்டியான, முட்டை போன்ற கூட்டைப் பகலில் பார்த்திருந்தால், டசார் பட்டுப்பூச்சி வகை அங்கே இருக்கிறது என்று விளக்கு வைக்கும் முன்பே தெரிந்துவிடும். வள்ளைக்கொடி இருந்தால் அதன் இலையைத் தின்னும் பெரிய கொம்புப் புழுவைத் தேடலாம். அக்கம்பக்கத்தில் நெல் இருந்தால், இரவில் திரையை மூடப்போவது எது என்று ஓரளவு ஊகித்துவிடலாம். எங்கள் பக்கம் கார், பிசானம் என்று இரண்டு பருவம். வயலில் பயிர் நடவு நிலையில் இருக்கிறதா, கதிர் நிலையில் இருக்கிறதா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பகலிலேயே பதிவாகிற அந்துப்பூச்சிகளும் உண்டு. புல்லில் நடக்கும்போது காலடியிலிருந்து எழும்பி நாலு எட்டு தள்ளி உட்காரும் வெள்ளைப் பூச்சியைப் பாருங்கள். இறகில் சிவப்பும் கறுப்புமாகப் புள்ளிகள் இருந்தால் அது யூட்டேதீசா. குளவி என்று நினைத்து ஒதுங்கிப் போவோமே, கறுப்பு இறகில் கண்ணாடி ஜன்னல்களும் வயிற்றில் மஞ்சள் பட்டையும் கொண்ட அமாட்டா, அதுவும் அந்துப்பூச்சிதான். இரண்டையும் விளக்குக்காகக் காத்திருக்காமல் அப்போதே பதிந்துவிடுங்கள்.

இன்னொரு காரணம், பாதுகாப்பு. சேறு எங்கே முழங்கால் வரை இழுக்கும், கரை எங்கே அரித்திருக்கிறது, எங்கே கண்ணாடி பாட்டில் உடைந்து கிடக்கிறது என்பதெல்லாம் இரவில் தெரியாது.

2. அனுமதி வாங்குங்கள், ஊருக்கும் சொல்லுங்கள்

கூந்தன்குளம், வேடந்தாங்கல் போன்ற சரணாலயங்களில் இரவில் விளக்கு வைக்க வனத்துறையின் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும். அனுமதி கிடைத்தாலும், பறவைகள் கூடு கட்டியிருக்கும் மரங்களின் அருகே விளக்கு வைக்காதீர்கள். குஞ்சுகள் இருக்கும் நேரத்தில் வெளிச்சமும் நடமாட்டமும் பெரிய தொந்தரவு. தனியார் வயல், தோப்பு என்றால் உரிமையாளரிடம் நேரில் கேளுங்கள். கிராம நிர்வாக அலுவலருக்கும் பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

ஆற்றங்கரையில் இரவு பத்து மணிக்கு வெளிச்சம் தெரிந்தால் ஊர்க்காரர்கள் மணல் திருட்டு என்றுதான் நினைப்பார்கள், அப்படி நினைப்பதில் தவறும் இல்லை. நான் தொடங்கிய இரண்டாவது வருடம், யாருக்கும் சொல்லாமல் ஒரு படித்துறைக்குக் கீழே திரை கட்டியிருந்தேன். பத்துப் பன்னிரண்டு பேர் டார்ச்சும் கம்புமாக வந்துவிட்டார்கள். அரை மணி நேரம் விளக்கம் சொல்ல வேண்டியிருந்தது. கடைசியில் அவர்களில் மூத்த விவசாயி ஒருவர் திரைக்குப் பக்கத்தில் குனிந்து, "தம்பி, இது குருத்துப்பூச்சில்லா!" என்றார். நெல் தண்டைத் துளைக்கும் புழுவின் அந்துப்பூச்சி அது. நான் அதுவரை படத்தில் மட்டுமே பார்த்திருந்த அதன் முட்டைக் குவியல் நெல் இலையில் எந்த இடத்தில் இருக்கும் என்று அவர்தான் மறுநாள் காலையில் காட்டிக்கொடுத்தார். இப்போதெல்லாம் முதல் நாளே டீக்கடையில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன்.

அணைக்குக் கீழே உள்ள ஆறு என்றால், அன்று தண்ணீர் திறப்பு இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சாயங்காலம் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் நள்ளிரவில் நீங்கள் நின்ற மணல் திட்டைச் சூழ்ந்துவிடலாம். ஆற்றின் நடுத் திட்டில் ஒருபோதும் திரை கட்டாதீர்கள்.

3. இரவைத் தேர்ந்தெடுக்கும்போது நிலா, காற்று, மழை

நிலா வெளிச்சம் இருந்தால் விளக்கின் இழுப்பு குறைந்துவிடும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு நாட்கள் நல்லவை. மற்ற நாளில் போக வேண்டியிருந்தால், வளர்பிறையில் நிலா மறைந்த பிறகும் தேய்பிறையில் நிலா எழும் முன்பும் வேலையை வைத்துக்கொள்ளுங்கள். வானம் முழுக்க மேகம் மூடியிருந்தால் இதைப் பார்க்க வேண்டியதில்லை.

நிலாவைவிடக் காற்று முக்கியம். துணி படபடக்கும் காற்றில் பூச்சி வந்தாலும் உட்காராது. ஜூலை கடைசியில் வரும் தேசிய அந்துப்பூச்சி வாரத்தில்தான் பலரும் தொடங்க ஆசைப்படுகிறார்கள். 2012இல் அமெரிக்காவில் தொடங்கி இப்போது உலகம் முழுக்க நடக்கிறது. ஆனால் தென்மாவட்டச் சமவெளியில் அது ஆடிக்காற்றுக் காலம். அந்த வாரத்தில் வந்து பத்துப் பூச்சிகூடப் பார்க்காமல், நமக்கு இது வராது என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். மழை பெய்து ஓய்ந்த, புழுக்கமான, இலை அசையாத இரவுகள்தான் வேண்டும். எங்கள் பக்கம் செப்டம்பர் கடைசி முதல் டிசம்பர் வரை அப்படிப்பட்ட இரவுகள் கிடைக்கும்.

4. என்னென்ன வேண்டும்?

விளக்கில் இரண்டு வழி இருக்கிறது. சோக் தேவையில்லாத 160 வாட் பாதரச விளக்கு அதிகம் இழுக்கும், ஆனால் மின் இணைப்போ ஜெனரேட்டரோ வேண்டும். ஒருமுறை அணைந்தால் ஆறிய பிறகுதான் மறுபடி எரியும். எரியும்போது ஒரு மழைத்துளி பட்டாலும் கண்ணாடி வெடித்துவிடலாம். நீர்நிலை ஓரத்துக்கு நான் சொல்வது, பவர் பேங்கில் ஓடும் புறஊதா எல்இடி விளக்கு. வாங்கும்போது 365 நானோமீட்டர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவாகக் கிடைக்கும் ஊதா நிற விளக்குகள் பெரும்பாலும் 395ஐ ஒட்டியவை. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், பூச்சியை அவ்வளவாக இழுக்காது.

மின்சாரக் கணக்கையும் முதலிலேயே போட்டுக்கொள்ளுங்கள். 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் என்பது 3.7 வோல்ட் கணக்கில் 74 வாட் மணி. இழப்பைக் கழித்தால் 60 மிஞ்சும். பத்து வாட் விளக்கு ஆறு மணி நேரம் எரியும். இந்தக் கணக்கைப் போடாமல் வந்து எட்டரை மணிக்கே இருட்டில் உட்கார்ந்தவர்கள் உண்டு.

எந்த விளக்கானாலும் நேராகப் பார்க்காதீர்கள். புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடியும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள்.

திரைக்குப் பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி போதும். பாலியஸ்டர் வேண்டாம், கால் பிடிக்காமல் பூச்சி வழுக்கி விழும். எட்டு முழ வேட்டியை மடிக்காமல் கட்டினால், மேல் பாதி செங்குத்தாக நிற்கும், கீழ்ப் பாதியைத் தரையில் விரிக்கலாம். தரைத் துணி அவசியம். குண்டான உடம்புள்ள பல பூச்சிகள் திரையில் மோதிக் கீழேதான் விழும், புல்லில் விழுந்தால் காணாமல் போய்விடும்.

மற்றவை: தலையில் மாட்டும் விளக்கு, முடிந்தால் சிவப்பு ஒளியுடன். மூடியுள்ள சிறு பிளாஸ்டிக் டப்பாக்கள் பத்து. சிறிய ஸ்கேல். வெப்பமானி. கெட்டி அட்டை நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், பனி இறங்கினால் மை ஓடிவிடும். முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ். ஒரு சோப்பும் ஒரு குடம் தண்ணீரும். சோப்பு எதற்கு என்பது எட்டாவது பகுதியில் வருகிறது.

5. திரையை எங்கே கட்டுவது?

சிறிய விளக்கு ஊரில் உள்ள பூச்சியையெல்லாம் இழுக்காது. சில பத்து மீட்டருக்குள் பறப்பவைதான் பெரும்பாலும் வரும். ஆகவே முப்பது தப்படி தள்ளிக் கட்டினாலே பட்டியல் வேறாகிவிடும். நாணலைப் பதிவு செய்ய வந்துவிட்டுப் புங்க மரத்தடியில் திரை கட்டினால் புங்க மரத்தின் பூச்சிதான் கிடைக்கும்.

குளமென்றால் புதியவர்கள் கரையின் உச்சியில் கட்டுவார்கள், ஏனென்றால் வண்டிப் பாதை அங்கேதான் போகிறது. குளத்தில் காற்று நேராக வந்து மோதுவதும் அங்கேதான். காற்று மறையும் பக்கத்தில், கரைச் சரிவின் அடியில் இறங்கிக் கட்டுங்கள். துணியின் முகம் நீங்கள் பதிவு செய்ய நினைக்கும் செடிக் கூட்டத்தைப் பார்க்கட்டும்.

தண்ணீரிலிருந்து ஐந்து முதல் பத்து மீட்டர் தள்ளி நில்லுங்கள். விளிம்பிலேயே வைத்தால் சுற்றிப் பறக்கும் பூச்சிகள் தண்ணீரில் விழுந்து சாகும். உங்கள் காலும் சேற்றில் இருக்கும். தெருவிளக்கு கண்ணில் படும் இடம் வேண்டாம்.

இரண்டு விளக்கு இருந்தால் ஒன்றை நாணல் ஓரத்திலும் இன்னொன்றை மர வரிசையிலும் வையுங்கள். ஆனால் பட்டியல்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். இரண்டையும் ஒரே பட்டியலாகச் சேர்த்துவிட்டால் பிறகு பிரிக்கவே முடியாது.

6. இருட்டும் முன் முடிக்க வேண்டியவை

சூரியன் மறைய ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடுங்கள். திரையை இறுக்கமாகக் கட்டி, தரைத் துணியின் நான்கு மூலையிலும் கல் வையுங்கள். விளக்கைத் திரைக்கு ஒரு அடி முன்னால் தொங்கவிடுங்கள். இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஃபோனில் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வெப்பநிலை, காற்று, மேகம், விளக்கின் வகை, வாட், தொடங்கும் நேரம் எல்லாம் இப்போதே எழுத வேண்டும். பூச்சி வரத் தொடங்கிவிட்டால் இவற்றை யாரும் எழுதுவதில்லை.

மங்கும் நேரத்தில், விளக்கை ஏற்றும் முன், நாணல் ஓரமாகக் கால் மணி நேரம் மெதுவாக நடங்கள். பகலெல்லாம் தண்டில் ஒட்டிக்கொண்டிருந்தவை அப்போதுதான் எழும்பும். விளக்குக்கு வராத சிலவற்றை நான் இந்தக் கால் மணி நேரத்தில் மட்டுமே பார்த்திருக்கிறேன்.

7. விளக்கு எரியும் நேரம்

அரை மணிக்கு ஒரு முறை சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் திரையின் முன்பக்கம், பின்பக்கம், தரைத் துணி, கயிறு, பக்கத்துப் புல், அருகில் உள்ள மரத்தின் தண்டு என்று இதே வரிசையில் பாருங்கள். பின்பக்கத்தை மறந்துவிடுவது மிகச் சாதாரணமான தவறு. வெளிச்சம் குறைவான அந்தப் பக்கத்தில்தான் பல பூச்சிகள் போய் அமைதியாக உட்கார்ந்திருக்கும். ஒருசில, திரைக்கு வராமலே இரண்டு மூன்று மீட்டர் தள்ளிப் புல்லில் தங்கிவிடும்.

எண்ணிக்கையும் வேண்டும். ஒரே சுற்றில் ஒரே நேரத்தில் பார்த்த அதிகபட்ச எண்ணிக்கையை எழுதுங்கள். சுற்றுகளைக் கூட்டக் கூடாது, கூட்டினால் ஒரே பூச்சியை நான்கு முறை எண்ணியிருப்பீர்கள். நூறுக்கு மேல் போனால் பத்து பத்தாக மதிப்பிடலாம். 'நிறைய' என்று மட்டும் எழுதாதீர்கள். அடுத்த வருடம் உங்களுக்கே அது எவ்வளவு என்று தெரியாது.

குறைந்தது மூன்று மணி நேரம் இருங்கள். நான் ஏழு முதல் பத்து வரை என்று ஒரே நேரத்தை வைத்திருக்கிறேன், அப்போதுதான் ஒரு இரவை இன்னொன்றோடு ஒப்பிட முடியும். முன்னிரவில் வருபவை வேறு, நள்ளிரவுக்கு மேல் வருபவை வேறு என்பதால், முடிந்தபோது ஒரு முழு இரவும் உட்காருவேன்.

காலடியில் கவனம் வேண்டும். பூச்சிக்குத் தவளையும் தேரையும் வரும், தவளைக்குப் பாம்பு வரும். தரைத் துணியின் ஓரத்தை வெறுங்கையால் தூக்காதீர்கள். தனியாகப் போகாதீர்கள்.

8. அந்துப்பூச்சி அல்லாத கூட்டம்

காட்டில் விளக்கு வைத்துப் பழகியவர்கள்கூடத் தண்ணீர் ஓரத்தில் தடுமாறுவது இங்கேதான். திரையில் உட்கார்ந்திருக்கும் பழுப்பு நிறச் சிறு பூச்சிகளில் கணிசமானவை அந்துப்பூச்சியே இல்லை, கேடிஸ் பூச்சிகள். அவற்றின் புழுப் பருவம் தண்ணீருக்குள் கழிவதால் ஆற்றங்கரைத் திரையில் கொட்டும்.

பிரித்தறிவது கடினமில்லை. ஒன்றை டப்பாவில் பிடித்து லென்ஸில் பாருங்கள். கேடிஸ் இறகைக் கூரை போல் சாய்த்து மடித்திருக்கும், மெல்லிய உணர்கொம்புகளை நேராக முன்னால் நீட்டியிருக்கும், அவை உடம்பைவிட நீளமாகக்கூட இருக்கும். இறகின் மேல் இருப்பது மயிர். அந்துப்பூச்சியின் இறகில் இருப்பது செதில். டப்பாவின் சுவரில் மாவு போல ஒட்டியிருந்தால் அது செதில். தலைக்குக் கீழே சுருட்டி வைத்த உறிஞ்சுகுழல் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம், அந்துப்பூச்சிதான். சில அந்துப்பூச்சிகளுக்கு உறிஞ்சுகுழல் இருக்காது, அதனால் குழல் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒதுக்கிவிடாதீர்கள்.

வயல் பக்கத்தில் தத்துப்பூச்சிகள் திரையையே பச்சையாக்கிவிடும் இரவுகள் உண்டு. அப்போது விளக்கைப் பத்து நிமிடம் அணைத்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். எல்இடியில் இந்த வசதி இருக்கிறது.

இரண்டு பூச்சிகளிடம் எச்சரிக்கை தேவை. முதலாவது பேடரஸ் வண்டு. ஒரு செ.மீ.க்கும் குறைவான நீளம், எறும்பு போன்ற உருவம், ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும் உடல். நெல் வயலும் ஈரக் கரையும்தான் அதற்கு வீடு. கடிக்காது. ஆனால் கழுத்தில் ஊரும்போது அடித்து நசுக்கிவிட்டால் அதன் உடல் நீர் பட்டு, ஒரு நாள் கழித்துத் தீக்காயம் போலக் கொப்புளம் எழும்பும். ஊதித் தள்ளுங்கள், பட்ட இடத்தை உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள், அந்தக் கையோடு கண்ணைத் தொடாதீர்கள். இரண்டாவது, உள்ளங்கை நீளத்துக்கு வரும் தட்டையான பழுப்பு நீர்ப்பூச்சி. தரைத் துணியில் செத்தது போலக் கிடக்கும். கையில் எடுத்தால் குத்தும், வலி கடுமையாக இருக்கும்.

9. படம் எடுப்பது

ஒரு பூச்சிக்கு மூன்று படம். நேர் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, பக்கத்தில் ஸ்கேல் வைத்து ஒன்று. அளவு தெரியாததால் மட்டுமே பெயர் வைக்க முடியாமல் போன படங்கள் என்னிடம் இன்னும் கிடக்கின்றன.

வெள்ளைத் துணியில் வெளிறிய பூச்சியை எடுத்தால் கோலமெல்லாம் கரைந்துவிடும். நீர்நிலை அந்துப்பூச்சிகளில் வெள்ளை நிறம் அதிகம் என்பதால் இது பெரிய தொல்லை. ஃபோன் திரையில் பூச்சியைத் தொட்டு வெளிச்ச அளவைக் கீழே இழுங்கள். ஃபிளாஷுக்கு முன்னால் ஒரு துண்டு பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். பூச்சி அசையாமல் இருந்தால், ஒரு காய்ந்த இலையை மெல்ல அதன் காலடியில் நீட்டி ஏற்றி எடுங்கள்.

பின்னிறகு தெரிந்தால் அதையும் எடுங்கள். மலையடிவார ஓடைகளில் வரும் இயோஃபைலா வகைகளுக்குப் பின்னிறகின் விளிம்பில் வரிசையாகக் கறுப்புக் கண்புள்ளிகள் இருக்கும். அவற்றைப் பார்க்காமல் அடையாளம் காண்பது சிரமம். இறகைக் கையால் விரிக்க முயலாதீர்கள்.

10. விளக்குக்கு வராதவை

முதலில் இனிப்புக் கூழ். கருப்பட்டியையும் கனிந்து கறுத்த வாழைப்பழத்தையும் பிசைந்து இரண்டு நாள் மூடி வைத்தால் புளித்த வாடை வரும். பொழுது சாயும்போது கரை மரங்களின் தண்டில் மார்பு உயரத்தில் ஒரு சாண் அகலம் பூசுங்கள். எறும்பு ஏறும் மரத்தை முதலிலேயே விலக்குங்கள். பழத்தைத் துளைத்துக் குடிக்கும் பெரிய அந்துப்பூச்சிகளுக்கு விளக்கைவிட இதுதான் சரி. பார்க்கப் போகும்போது சிவப்பு ஒளியில் போங்கள்.

அடுத்தது புழு தேடல். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பிடித்த வேலை.

காலையில் அல்லி இலைகளைப் பாருங்கள். ஓரத்தில் கத்தரிக்கோலால் வெட்டியது போல நீள்வட்டத் துண்டு காணாமல் போயிருந்தால், அந்தத் துண்டு பக்கத்தில்தான் இருக்கும். இலையைத் திருப்புங்கள். இரண்டு துண்டுகளைப் பட்டு நூலால் சேர்த்து ஒட்டிய தட்டையான உறை அடியில் ஒட்டியிருக்கும். உள்ளே புழு. நெல்லில் இதே குடும்பத்தைச் சேர்ந்த கூண்டுப்புழுவை விவசாயிகள் நன்றாக அறிவார்கள். இலை நுனியைக் கத்தரித்துக் குழாயாகச் சுருட்டி, அதற்குள் இருந்துகொண்டு தண்ணீரில் மிதக்கும். குழாயை மெல்லப் பிரித்து ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரோடு விட்டுப் பாருங்கள். வெளிர் பச்சை உடம்பின் இருபுறமும் மெல்லிய வெண்ணூல்கள் விரிந்து அசையும். அவைதான் அதன் செவுள்கள். ஒரு அந்துப்பூச்சியின் புழு மீனைப் போலத் தண்ணீருக்குள் மூச்சு விடுவதை அந்தக் கிண்ணத்தில் பார்த்த பிறகு, திரையில் வந்து உட்காரும் வெள்ளைப் பூச்சியை யாரும் சாதாரணமாகக் கடந்து போக மாட்டார்கள்.

ஒன்றிரண்டை வளர்த்துப் பார்க்கலாம். அதே குளத்துத் தண்ணீர், அதே செடி. குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் ஆகாது. நிழலில் வைத்து மேலே வலைத்துணி கட்டுங்கள், அந்துப்பூச்சி வெளிவந்து ஏறி நிற்க ஒரு குச்சியும் வையுங்கள். எந்தப் புழு எந்தப் பூச்சி ஆனது, எந்தச் செடியைத் தின்றது என்ற பதிவு பத்து திரைப் படங்களுக்குச் சமம். குருத்துப்பூச்சியின் முட்டைக் குவியலை எடுத்து வைத்தால் சில நேரம் புழுவுக்குப் பதில் குட்டிக் குளவிகள் வெளிவரும். அதையும் எழுதுங்கள். அது முட்டை ஒட்டுண்ணி, வயலுக்கு நல்லது செய்யும் உயிர்.

11. விளக்கை அணைப்பது

முழு இரவு உட்கார்ந்தால், விடிய அரை மணி நேரத்துக்கு முன்பே அணைத்துவிடுங்கள். கரிச்சானுக்கும் மைனாவுக்கும் திரையின் இடம் ஒரே நாளில் தெரிந்துவிடும். வெளிச்சம் வந்ததும் வந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிவிடும். துணியைக் கழற்றிச் செடிப் புதரின் மேல் மெல்ல உதறுங்கள், மடிப்பில் ஒன்றும் சிக்கவில்லை என்று பார்த்துவிட்டு மடியுங்கள். டப்பாவில் வைத்தவற்றை அதே கரையில் நிழலான இலைமறைவில் விடுங்கள். ஒரே இடத்தில் தொடர்ந்து இரண்டு இரவு விளக்கு வைக்காதீர்கள். அந்துப்பூச்சிகளில் பலவற்றின் வாழ்நாளே சில நாட்கள்தான்.

12. பெயர் வைப்பது

அவசரம் வேண்டாம். முதலில் குடும்பம், அப்புறம் பேரினம், உறுதியானால் மட்டும் இனம். பேரினத்தோடு நின்ற பதிவு நல்ல பதிவு. தவறான இனப் பெயரோடு போன பதிவு மற்றவர்களையும் தவறாக வழிநடத்தும். உள்ளுறுப்பைப் பார்க்காமல் பிரிக்கவே முடியாத இனங்கள் நிறைய இருக்கின்றன.

ஆணும் பெண்ணும் வேறுபடுவதை மறக்காதீர்கள். குருத்துப்பூச்சியின், அதாவது ஸ்கிர்போஃபேகா இன்செர்டுலாஸின் பெண், நல்ல மஞ்சள் நிறம், முன்னிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி. ஆண் சிறியது, பழுப்பு, புள்ளி மங்கல். புதியவர்கள் இதை இரண்டு இனமாக எழுதுவார்கள். அதே திரைக்கு வரும் இலைச்சுருட்டுப் பூச்சியும் மஞ்சள் கலந்த பழுப்புதான். ஆனால் அதன் இறகில் குறுக்கே கரும் கோடுகள் ஓடும், விளிம்பில் கரும்பட்டை இருக்கும்.

மாத்ஸ் ஆஃப் இந்தியா (Moths of India) என்ற இணையதளத்தில் படங்களை ஒப்பிடலாம். உயிரினப் படங்களை ஏற்றிப் பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் (iNaturalist) தளத்தில், செயலி காட்டும் முதல் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அந்த இனம் தென்னிந்தியாவில் பதிவாகியிருக்கிறதா, நீங்கள் பகலில் குறித்த செடிகளில் அதன் உணவுச் செடி இருக்கிறதா என்று பாருங்கள். பகல் நடையின் குறிப்புகள் இங்கேதான் கைகொடுக்கும்.

13. பதிவை எழுதி ஏற்றுவது

தேதியில் குழப்பம் வரும். இரவு ஒரு மணிக்கு எடுத்த படத்தின் தேதி மறுநாளாக இருக்கும். நோட்டில் எப்போதும் விளக்கு ஏற்றிய மாலையின் தேதியை 'நவம்பர் 9–10 இரவு' என்று இரண்டும் தெரியும்படி எழுதுங்கள்.

என் நோட்டில் ஒரு பதிவு இப்படி இருக்கும்: "நவம்பர் 9–10 இரவு. குளத்தின் தென்கரை அடி, தண்ணீரிலிருந்து 8 மீ. சம்பும் கோரையும், 40 மீ. தள்ளி நடவு முடிந்த நெல். 10 வாட் புறஊதா எல்இடி, 7 முதல் 10 மணி. 26 டிகிரி, காற்று இல்லை, மாலையில் தூறல். குருத்துப்பூச்சி: பெண் 14, ஆண் 5, 8 மணிச் சுற்று. கூண்டுப்புழு அந்துப்பூச்சி 31, 7.30 சுற்று. பெயர் தெரியாத வெள்ளை, 9 மி.மீ., பட எண் 112 முதல் 114."

ஒன்றுமே வராத இரவையும் இதே அக்கறையோடு எழுதுங்கள். 'மூன்று மணி நேரம், இரண்டே பூச்சி, பலத்த காற்று' என்பது ஒரு முழுமையான பதிவு. அதை விட்டுவிட்டால், நல்ல இரவுகளை மட்டும் சேர்த்த பட்டியல் அந்தக் கரையில் எப்போதும் பூச்சி நிறைந்திருந்தது போலக் காட்டும்.

ஐநேச்சுரலிஸ்டில் ஏற்றும்போது ஒரே பூச்சியின் மூன்று படங்களையும் ஒரே பதிவில் சேருங்கள். தனித்தனியாகப் போட்டால் மூன்று பூச்சி என்று கணக்காகிவிடும். குறிப்புப் பகுதியில் செடிகளையும் விளக்கு வகையையும் எழுதுங்கள். கடைசியாக, சமர்ப்பிக்கும் முன் வரைபடத்தைப் பெரிதாக்கிப் புள்ளி எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். ஃபோனில் இருப்பிடம் அணைந்திருந்தால் பூச்சி உங்கள் வீட்டு மொட்டை மாடியில் பதிவாகியிருக்கும். நோட்டில் மாலையில் எழுதிய எண்களைப் பார்த்து அதைக் கரைக்கு நகர்த்தி வையுங்கள்.